மழை ஒழுக்கு என்ற கோப்பை

நானூறு வருடமாக ஊறிய கறையை நான் ஒரே பின்னேரத்தில் எடுத்துவிட்டேன். தொழில் பெருமை பேசுகிறேன் என்று நினைக்கவேண்டாம். பேசுகிறேன்தான், ஆனால் அழுதுகொண்டு பேசுகிறேன்.

எனக்கு ஆஸ்பத்திரியில் வேலை. சத்திரசிகிச்சைக்குப் போய்வந்த கத்தி, கத்தரிக்கோல், இடுக்கி எல்லாவற்றையும் கழுவிக் கிருமி நீக்கி, நீலத்தாளில் பொதிசெய்து திருப்பி அனுப்புகிற நிலவறையில் நிற்பவன். ஒரு கத்தரிக்கோலின் மூட்டுக்குள் பழுப்பாக ஒரு புள்ளி தெரிந்தால் முழுத் தட்டையும் மறுபடி கழுவ அனுப்புவேன். வெடிப்பு விழுந்த சாமான் என்றால் பேச்சே இல்லை, குப்பைக்குள். வெடிப்புக்குள்தான் கிருமி குடும்பம் நடத்தும். வீட்டுக்கு வந்து சீருடையைக் கழற்றினாலும் இந்தக் கண்ணைக் கழற்ற முடிவதில்லை. ஒக்லாந்தில், லின்ஃபீல்டில் எங்கள் வீட்டில் பாத்திரம் கழுவுவது நான்தான். சொந்தக்காரர் வந்தால் என் பெண்சாதி கஜானி இதைச் சொல்லமாட்டாள், நானே சொல்லிவிடுவேன்.

அந்தச் சனிக்கிழமை குசினிக்குள் போனபோது, சிங்குக்குப் பக்கத்தில் ஒரு பேசினில் இளஞ்சூட்டுத் தண்ணீர். அதற்குள் ஒரு கோப்பை. சோறு போட்டுச் சாப்பிடுகிற அளவு. வெளியே, பழுத்து ஒரு நாள் கடந்த மாம்பழத் தோல் நிறம். உள்ளே மங்கிய வெள்ளையில் சிலந்திவலை மாதிரி வெடிப்பு, வெடிப்பு முழுக்கக் கறுப்பு. விளிம்பிலிருந்து அடிவரைக்கும் திட்டுத்திட்டாக வழிந்து இறங்கிய பழுப்புக் கறை.

எங்கள் வீட்டில் ஒரு பாத்திரம் தண்ணீருக்குள் கிடந்தால் அது கழுவுவதற்காகக் கிடக்கிறது. அடிப்பிடித்த பால்சட்டி, பிட்டு அவித்த பானை, எல்லாமே அப்படித்தான். யப்பானியத் தேநீர்க்காரர் கோப்பையை ஊறவைப்பது வேறு காரியத்துக்காம். காய்ந்த மண் தேநீரை உறிஞ்சிக் கறை பிடித்துவிடும், ஆகவே முதலில் வெறும் தண்ணீரைக் குடிக்கவைத்து அதன் தாகத்தைத் தீர்க்கவேண்டுமாம். இது எனக்கு அடுத்த நாள்தான் தெரியும். அன்றைக்குத் தெரிந்ததெல்லாம், என் பெண்சாதி ஒரு பழைய கோப்பையோடு கஷ்டப்படுகிறாள், கடைக்குப் போய் வருமுன் அதைப் பளிச்சென்று ஆக்கி வைத்தால் சந்தோசப்படுவாள் என்பது.

இருந்த தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் ப்ளீச்சை அளந்து கலந்தேன். அளக்காமல் ஊற்ற நான் என்ன பழகாதவனா. பக்கத்திலேயே நின்று பார்த்தேன். முதலில் திட்டுகள் மங்கின. பிறகு வெடிப்புகளிலிருந்த கறுப்பு, கோடு கோடாக, ஒன்றன்பின் ஒன்றாக மறைந்தது. பாட்டுக்கூடப் பாடினேன்.

கஜானி வந்தாள். கையில் பச்சைத் தேயிலைத் தூள் டப்பா.

“இதில இருந்த கோப்பை எங்க?”

“அங்க, துணியில கவிட்டு வைச்சிருக்கிறன். பாரும் ஒருக்கா.”

அவள் இரண்டு கையாலும் எடுத்தாள். உள்ளே பார்த்தாள். யன்னல் பக்கம் திருப்பிப் பார்த்தாள். மூக்கருகே கொண்டுபோனாள்.

“ப்ளீச்சோ?”

“ஓம். கொஞ்சந்தான். ஏன்?”

“சரி,” என்றாள்.

அந்தச் ‘சரி’யோடு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். அடித்துச் சாத்தவில்லை. மெதுவாக, பிடியைத் திருப்பி, சத்தம் வராமல்.

விசயத்தை அடுத்த நாள் எனக்குச் சொன்னது மகள் பிரணவி. பல்கலைக்கழகம் போகிறவள், நான் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்கிறவள். அவள் ஆங்கிலத்தில் சொன்னதை நான் தமிழில் சுருக்கிச் சொல்கிறேன், கெட்ட வார்த்தைகளை எடுத்துவிட்டு.

கஜானி சிறுவர் பள்ளியொன்றில் ஆசிரியை. அங்கே படித்த ஒரு யப்பானியப் பிள்ளையின் தாய்மூலம், ரானுயியில் தேநீர் முறை பழக்குகிற ஓனிஷி என்ற அம்மாவிடம் சேர்ந்து, வருடக்கணக்காகப் போய்வருகிறாள். எல்லாரும் அவரைச் சென்செய் என்பார்கள், ஆசிரியர் என்று அர்த்தம். சென்செய்க்கு வயதாகிவிட்டது. யப்பானில் மகளோடு போய் இருக்கப்போகிறார். போகுமுன் அடுத்த ஞாயிற்றுக்கிழமை கடைசித் தேநீர் விருந்து. அதை நடத்தப்போவது கஜானி. பரிமாறப்போவது சென்செய் குடும்பத்தின் பழைய கொரியக் கோப்பையில். விருந்து நல்லபடி முடிந்தால் அந்தக் கோப்பை கஜானியிடமே தங்கும். இத்தனை மாணவர்களுக்குள் அவளிடம். கை பழகட்டும் என்றுதான் ஒரு கிழமை முன்னதாக வீட்டுக்குக் கொடுத்துவிட்டிருக்கிறார்.

“கறை போனால் என்ன? கோப்பை உடையேல்லைத்தானே,” என்றேன்.

பிரணவி கோப்பையின் மரப்பெட்டி மூடியைத் திருப்பிக் காட்டினாள். தூரிகையால் எழுதிய எழுத்து. அது கோப்பையின் பெயராம். மழை ஒழுக்கு. கூரை ஒழுகிச் சுவரில் இறங்குகிற தண்ணீர்த் தடம் மாதிரிக் கறை இருந்தபடியால், முந்திய காலத்தில் ஒரு பிரபு பார்த்து மயங்கி வைத்த பெயர். அந்தக் கறைதான் கோப்பை. மிச்சமெல்லாம் அதைத் தாங்குகிற மண்.

ஒக்லாந்தில் வீடு வாங்கின ஒருவனிடம் சுவரில் ஒழுக்குத் தடம் அழகு என்று சொல்லிப்பாருங்கள். இங்கே மழை புகுந்து சுவர் அழுகுகிற வீடுகள் அதிகம், அப்படி ஒரு திட்டுத் தெரிந்தால் மனிதன் வக்கீலையும் பில்டரையும் ஒரே நேரத்தில் கூப்பிடுவான். எங்கள் தெருவிலேயே இரண்டு வீட்டுக்குச் சுற்றிவரத் தகரமும் பிளாஸ்டிக்கும் போட்டு, வருசக்கணக்கில் அவிழ்த்துக் கட்டினார்கள். நான் ஒழுக்குக் கறையைக் கண்டால் ப்ளீச் எடுக்காமல் கவிதையா எழுதுவேன்.

சரி, பிழை என்னுடையது. ஒத்துக்கொண்டேன். அடுத்து என்ன நடக்கும்? எங்கள் ஆட்களிடம் இதற்கு ஒரு முறை இருக்கிறது. பெண்சாதி ஏசவேண்டும். உங்களுக்குக் கண் பிடரியிலயோ என்று கேட்கவேண்டும். அவளுடைய தமையன் கனடாவிலிருந்து ஃபோன் எடுத்து, ‘என்ன மச்சான், கோப்பையைச் சலவைக்குப் போட்டியாம்’ என்று நக்கலடிக்கவேண்டும். நாலு நாள் சாப்பாட்டில் உறைப்புக் கூடவேண்டும். அத்தோடு கணக்கு முடியும்.

கஜானி ஏசவில்லை. மரியாதையாக நடந்தாள்.

“தேத்தண்ணி போடட்டோ?”

“கஜானி, அது கெட்டுப்போச்சோ?”

“சீனி போடட்டோ, வேண்டாமோ?”

“நான் கேட்டது கோப்பையை.”

“அது பரவாயில்லை. சூடா இருக்கு, பாத்துக் குடியுங்கோ.”

கல்யாணம் கட்டி இத்தனை வருடத்தில் சூடாக இருக்கிறது, பார்த்துக் குடி என்று அவள் எனக்குச் சொன்னதில்லை. நான் வாய் வெந்து துள்ளினால் சிரிக்கிறவள். அந்த மரியாதை என் மண்டைக்குள் ஆணியாக இறங்கியது. செவ்வாய்க்கிழமை, அவள் என் சேர்ட்டை மடித்துக் கட்டிலில் வைத்துவிட்டு “வேற ஏதும் வேணுமோ” என்று கேட்டபோது, நான் கத்தியேவிட்டேன்.

“ஏசுமன் ஒருக்கா. வாயைத் திறந்து ஏசும். நான் என்ன ஹோட்டலிலயோ இருக்கிறன்?”

“நான் ஒண்டும் சொல்லேல்லையே.”

“அதைத்தான் சொல்லுறன்.”

அவள் விளக்கை அணைக்கவா என்று கேட்டாள்.

புதன்கிழமை வேலையிலிருந்து அரைநாள் லீவு எடுத்து, பழைய பீங்கான் திருத்துகிற ஒரு வெள்ளைக்காரரிடம் கோப்பையின் படங்களைக் கொண்டுபோனேன். முன்னும் பின்னும் எடுத்த படங்கள். முன்படம் கஜானியின் ஃபோனிலிருந்து பிரணவி அனுப்பியது. அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, இறக்கி, நெடுநேரம் பார்த்தார்.

“கெடுத்துவிட்டேனா?” என்று ஆங்கிலத்தில் கேட்டேன்.

“யா... நா,” என்றார்.

இந்த நாட்டுக்கு வந்த நாளிலிருந்து நான் இந்தச் சொல்லோடு சண்டை பிடிக்கிறேன். ஓமும் இல்லையும் ஒரே மூச்சில். வேலை தருவாயா என்று கேட்டாலும் அதுதான், வேலை போய்விட்டதா என்று கேட்டாலும் அதுதான்.

“யாவா, நாவா?”

“எப்படிப் பார்க்கிறோம் என்பதைப் பொறுத்தது, மேட். ஒவ்வொரு கைபட்டதும் பொருளின் வரலாறுதானே. இப்போது உன் கையும் அதில் இருக்கிறது.”

என் கை இருக்கிறதாம். கையை வெட்டிக் கொடுத்திருப்பேன். நன்றி சொல்லி, கதவை மெதுவாகச் சாத்திவிட்டு வந்தேன். எனக்கும் அந்தப் பழக்கம் தொற்றிவிட்டது.

காரில் வரும்போது கோபம் கோப்பையின் மேலேயே திரும்பியது. யாரோ ஒரு கொரியன், காலையிலிருந்து சக்கரத்தைச் சுழற்றி, சோற்றுக்கோ கஞ்சிக்கோ என்று வரிசையாக வனைந்து தள்ளிய கோப்பைகளில் இது ஒன்று. கடல் தாண்டிக் கொண்டுபோனார்கள். வாங்கிப் போனதோ பறித்துப் போனதோ, சென்செய் குடும்பத்துக்கும் தெரியாது. அங்கே போனதும் ஒரு பிரபு பெயர் வைக்கிறான். பட்டுப்பை தைக்கிறார்கள். பைக்கு ஒரு பெட்டி, அந்தப் பெட்டிக்கு இன்னொரு பெட்டி. வனைந்தவனுக்குப் பெயர் உண்டா என்று ஒரு நாய் கேட்டதா? நானும் கடல் தாண்டி வந்தவன். எனக்கும் இங்கே புதுப்பெயர் வைத்தார்கள். சிவனேசன் நீளம் என்று ஸ்டீவ். பட்டுப்பையைத்தான் ஒருவரும் தைக்கவில்லை.

வியாழக்கிழமை கோப்பையைச் சென்செய்யிடம் காட்டப் போனோம். நான்தான் கார் ஓட்டினேன். வழி முழுக்க, அந்த அம்மா என்னை எப்படித் திட்டுவார் என்று ஒத்திகை பார்த்து, அவருக்காக நானே நல்ல வசனங்கள் தயாரித்தேன். ஓனிஷி அம்மா எங்களை உள்ளே அழைத்து, பிஸ்கட் வைத்து, பட்டுப்பையை அவிழ்த்தார். கோப்பையைப் பாயில் வைத்து, குனிந்து, முழங்கையை முழங்காலில் ஊன்றி, தரையோடு தரையாக அதை ஏந்தித் திருப்பினார். கை நழுவினாலும் விழ இடமில்லாத உயரம். நான் ஆஸ்பத்திரியில் கண்ட எந்தச் சத்திரசிகிச்சை நிபுணரும் ஒரு பொருளை அப்படிப் பிடித்ததில்லை.

கஜானியின் தலை குனிந்தே இருந்தது. காது மட்டும் சிவந்திருந்தது.

“வெரி கிளீன்,” என்றார் சென்செய்.

நான் காத்திருந்தேன். அவ்வளவுதான். பிறகு என் பக்கம் திரும்பி, ஞாயிற்றுக்கிழமை சிவா-சானும், அதாவது நானும், வரவேண்டும், முதல் விருந்தாளியின் இடத்தில் இருக்கவேண்டும் என்றார். கஜானி திடுக்கிட்டு யப்பானிய மொழியில் ஏதோ சொன்னாள். சென்செய் சிரித்துக்கொண்டு பிஸ்கட் தட்டை என் பக்கம் தள்ளினார்.

வீட்டுக்கு வந்ததும் குதித்தேன். இது தண்டனை. ஊரைக் கூட்டி வைத்து, கெடுத்தவனை முதல் ஆளாக இருத்தி, கெட்ட கோப்பையில் குடிக்க வைக்கிற தண்டனை. எங்கள் ஆட்கள் கன்னத்தில் இரண்டு அடித்து அனுப்புவார்கள், எவ்வளவு கௌரவம். நான் வரமாட்டேன் என்றேன்.

“வராமல் விடேலாது. சென்செய் கேட்டிட்டா,” என்றாள் கஜானி. அந்தக் கிழமையில் அவள் என்னிடம் பேசிய முதல் மரியாதையில்லாத வசனம். எனக்கு அதுவே போதும் என்றிருந்தது. வருகிறேன் என்றேன்.

முதல் விருந்தாளி என்றால் பவிசு இல்லை, வேலை. மற்றவர்கள் வாயைத் திறக்கமாட்டார்கள். எல்லாருக்குமாகக் கேள்வி கேட்பது அவன். சாப்பாட்டு மேசையில் ஒரு பிட்டுக் கோப்பையை வைத்து கஜானி எனக்குப் பழக்கினாள்.

“குடிச்சு முடிஞ்சு, கோப்பையைச் சுத்திப் பாத்து முடிஞ்சு, என்னட்ட திருப்பித் தரேக்கை கேக்கவேணும். எங்க செய்தது எண்டு முதல். பிறகு பேர்.”

“பேரையோ?” கையிலெடுத்த கோப்பையைத் திருப்பி வைத்தேன். “நான் அதைக் கேக்காமல் விட்டால்?”

“நீங்கள் கேக்காட்டில் ஒருத்தரும் கேக்கேலாது.”

“அப்ப நல்லது.”

“நல்லதில்லை. கேக்காட்டில், பாக்கிறதுக்கு அதில ஒண்டும் இல்லை எண்டு அர்த்தம்.” பிட்டுக் கோப்பையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். “கேளுங்கோ. கோப்பையைப் பற்றி முதல் விருந்தாளி என்ன கேட்டாலும் நான் சொல்லத்தான் வேணும்.”

“என்ன கேட்டாலுமோ?”

“ஓம். அதுதான் முறை.”

ஞாயிறு மழை. சென்செய்யின் தேநீர் அறை உண்மையில் ஒரு கராஜ். கார் நிற்கவேண்டிய இடத்தில் பாய் விரித்து, மரச்சட்டமும் தாள்கதவும் போட்டிருந்தார். நான், எனக்கு அடுத்ததாக ஜூடித் என்ற தலைநரைத்த வெள்ளைக்காரப் பெண், இரண்டு யப்பானியப் பெண்கள், கடைசியில் சென்செய். தன் வீட்டிலேயே கடைசி ஆளாக இருந்தார். முழங்கால் மடித்து இருந்து கொஞ்ச நேரத்தில் என் கால்கள் என்னை விட்டுப் பிரிந்து தனியே வாழத்தொடங்கின.

கஜானி தாள்கதவைத் திறந்து வந்தாள். எனக்குத் தெரிந்த கஜானி கதவை இடுப்பால் இடித்துத் திறக்கிறவள், ஒரு கையில் ஃபோனும் மறுகையில் கறிச்சட்டியுமாக நடக்கிறவள். இவள் ஒவ்வொரு சாமானையும் அதற்கென்று காத்திருந்த இடத்தில் வைத்தாள். துணியை மடித்தாள். தண்ணீர் கொதிக்கிற சத்தமும் கூரையில் மழையும். நான் ஒரு தடவைகூட வந்து பார்த்ததில்லை. வருடக்கணக்காகச் சனிக்கிழமைகளில் காரில் இறக்கிவிட்டு, ‘பச்சைத் தண்ணி குடிக்கப் போறீரோ’ என்று கேட்டுவிட்டுத் திரும்பியிருக்கிறேன்.

கட்டித் தேநீர் வந்தது, எல்லாருக்கும் அந்த ஒரே கோப்பையில். கிழமை முழுக்க நல்ல தண்ணீரில் மாற்றி மாற்றிக் கிடந்து ப்ளீச் மணம் போய்விட்டிருந்தது. கோப்பையின் அந்த வெள்ளைக்குள் பச்சை, சத்தமான பச்சையாக இருந்தது. என் பங்கைக் குடித்து, விளிம்பைத் துடைத்து, ஜூடித்துக்குக் கொடுத்தேன். எல்லாரும் குடித்தபின் கோப்பை பார்ப்பதற்காக என்னிடம் திரும்பி வந்தது.

முழங்கையை முழங்காலில் ஊன்றிக் குனிந்தேன். உள்ளே பார்க்கத் தைரியமில்லாமல் கவிழ்த்தேன். அடியில், மண்ணுக்குப் பூசிய கண்ணாடி மெருகு பிடிக்காமல் உருண்டு திரண்டு நின்றது, திருக்கைத் தோல் மாதிரி. அதற்குச் சற்று மேலே மெருகே இல்லாத வெறும் மண் திட்டுகள், நீள்வட்டமாக. விரல்கள். வனைந்தவன் கோப்பையை அடியில் பிடித்து, தலைகீழாக மெருகுக் குழம்புக்குள் தோய்த்திருக்கிறான். பிடித்த இடத்தில் குழம்பு படவில்லை. நான் என் விரல்களை வைத்துப் பார்த்தேன். பொருந்தின. நிதானமாகப் பிடித்த பிடி இல்லை. இன்னும் நிறையக் கிடக்கிறது, பொழுது போகிறது, தோய்த்து வை, அடுத்ததை எடு என்கிற பிடி. நானும் அப்படித்தான் பிடிப்பேன், வேலை முடிகிற நேரத்தில். ப்ளீச் அதை ஒன்றும் செய்திருக்கவில்லை.

பிறகு நிமிர்த்தி உள்ளே பார்த்தேன். வெள்ளை. ஆஸ்பத்திரிக் கிண்ணம். படத்தில் கண்ட அந்தத் தடங்கள், யாரோ யாரோ குடித்துக் குடித்து, ஒவ்வொரு மழைக்காலமாகக் கீழே இறங்கியவை, ஒன்றும் இல்லை. கண் எரிந்தது. கிழமை முழுக்க யார் யார் மேலோ திரும்பிய கோபம், ஒழுங்கான இடத்துக்கு, என் மேல், அப்போதுதான் வந்து சேர்ந்தது.

கோப்பையை கஜானியின் முன் வைத்தேன். கையைப் பாயில் ஊன்றினேன்.

“எங்கே செய்தது?” ஆங்கிலத்தில், பழகினபடி.

“கொரியாவில்,” என்றாள் கஜானி. “செய்தவர் யாரென்று தெரியாது.”

“அதற்குப் பெயர் உண்டா?”

அவள் குரல் நடுங்குமென்று நினைத்தேன். நடுங்கவில்லை.

“மழை ஒழுக்கு.”

யப்பானியப் பெண்களில் ஒருத்தி மூச்சை இழுப்பது கேட்டது. ஜூடித் என் பக்கம் சாய்ந்து, “லவ்லி,” என்று மெதுவாகச் சொன்னாள். எனக்கு அவளுடைய சால்வையைப் பிடித்து உலுக்கவேண்டும் போலிருந்தது. இதில் லவ்லிக்கு என்ன இருக்கிறது. கறை போனது இந்த அறையில் உள்ள எல்லாருக்கும் தெரியும், ஒருவரும் சொல்லமாட்டார்கள்.

முறைப்படி நான் இப்போது கும்பிட்டுப் பின்னுக்கு நகரவேண்டும். நகரவில்லை. கால் மரத்துப்போனதும் ஒரு காரணம்.

“இன்னுமொரு கேள்வி இருக்கு,” என்றேன், தமிழில். “கோப்பையைப் பற்றித்தான்.”

கஜானி நிமிர்ந்து பார்த்தாள். மற்றவர்கள் இதுவும் முறையின் ஒரு பகுதி என்று நினைத்துப் பணிவாக இருந்தார்கள். கடைசியில் இருந்த சென்செய் கண்ணை மூடிக்கொண்டார்.

“நான் இதைக் கெடுத்துப்போட்டனோ? உமக்கு இது இனிக் கிடைக்குமோ? யா, நா எல்லாம் வேண்டாம், கஜானி. பரவாயில்லை எண்டும் சொல்லாதையும். ஓமோ, இல்லையோ?”

அவள் இரண்டு கையையும் பாயில் வைத்தாள், விரல்நுனி ஒன்றையொன்று தொட, ஒரு விருந்தாளிக்கு வீட்டுக்காரர் பதில் சொல்லவேண்டிய விதமாக. முதுகு நேராக இருந்தது. கண் மட்டும் நிறைந்திருந்தது.

“ஓம்,” என்றாள். “கெடுத்துப்போட்டீங்கள். அந்தக் கறை இனி வராது, நீங்களும் நானும் செத்துப்போன பிறகும் வராது. சென்செய் இதை யப்பானுக்குத் திருப்பிக் கொண்டுபோறா, நேற்று ஃபோனில சொன்னவா. எனக்கு இல்லை. நான் ஏன் ஏசேல்லை எண்டால், தொடங்கினால் நிப்பாட்டமாட்டன், இண்டைக்கு இதில இருந்து கை நடுங்காமல் தேத்தண்ணி போடவேணும் எண்டுதான். எனக்கு உங்களில சரியான கோவம். வாற கிழமையும் இருக்கும்.”